நின்றுபோன கல்யாணத்துக்குச் சுட்ட பற்றிஸ்

இந்த வருடமும் அந்தத் தேதியில் அன்னாசிப் பற்றிஸ் சுட்டோம். பக்கத்து வீட்டு அன்ரி காலையிலேயே கதவைத் தட்டி, "இண்டைக்கெல்லே பற்றிஸ்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி. அங்கே எல்லோருக்கும் இந்தத் தேதி மனப்பாடம். எனக்குக் கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள் அது. நடக்கவில்லை. நான் அதைக் கொண்டாடுகிறேன்.

"வேறை நாள் இல்லாமலே இந்த நாளிலை சுடுறியள்?" என்று பெரியம்மா ஒவ்வொரு வருடமும் யாழ்ப்பாணத்தில் இருந்து தொலைபேசியில் கேட்பார். வேறு நாட்கள் இருக்கின்றன. எனக்கு இந்த நாள்தான் வேண்டும். ஏன் என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் அடுத்த வருடமாவது கேட்காமல் இருப்பாரோ என்று பார்க்கிறேன். இருக்கமாட்டார்.

கொழும்பில் பற்றிஸ் என்றால் மீன் பற்றிஸ்தான். வட்டமாகத் தட்டிய மாவுக்குள் கறியை வைத்து, பாதியாக மடித்து, விளிம்பை முள்ளுக்கரண்டியால் அழுத்திப் பொரித்தெடுப்பது. எங்கள் வீட்டில் மீனுக்குப் பதில் அன்னாசி. பழத்தைத் துருவக்கூடாது, தண்ணீர் விட்டுவிடும். கத்தியால் பொடியாக வெட்டி, சீனியும் கறுவாப்பட்டையும் இரண்டு கராம்பும் போட்டு, மூடாமல் வற்றவிட வேண்டும். அகப்பை போன இடத்தில் சட்டியின் அடி தெரிந்தால் இறக்கலாம். ஆறியதும் வறுத்த கஜுப் பருப்பை உடைத்துக் கலக்க வேண்டும். எண்ணெயில் இருந்து எடுத்த சூட்டிலேயே கடித்தால் மேல்பக்கம் நொறுங்கும், உள்ளே இருப்பது நாக்கைப் பொசுக்கும். பொசுக்கட்டும். பொசுக்கிய பிறகும் இரண்டாவதை எடுக்காத ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

கல்யாணம் நின்ற வருடம் எனக்கு முப்பத்துநான்கு வயது. நானும் அம்மாவும்தான் வீட்டில். அப்பா நான் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே காலமாகிவிட்டார். கட்டட வரைபடம் கீறும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. பேசி முடித்த மாப்பிள்ளை கனடாவில் இருந்தார், அவருடைய தாய் தகப்பன் இங்கே கொழும்பில், கொட்டாஞ்சேனையில். ஒரு வருடம் தொலைபேசியில் கதைத்தோம். மரியாதையாகத்தான் கதைத்தார். கடைசி மாதத்தில் கதை குறைந்தது, வேலை கூட என்றார். நான் நம்பினேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து இறங்குவதாக ஏற்பாடு.

எங்கள் ஆட்களிடம் கல்யாணத்துக்கு முன் ஒரு நல்ல நாள் பார்த்துப் பலகாரம் சுடுகிற வழக்கம் இருக்கிறது. பலகாரச் சூடு என்போம். இரண்டு வீட்டுப் பெண்களும் கூடி, விளக்கேற்றி, அடுப்பு மூட்டி, முதலாவது பலகாரத்தை எண்ணெயில் போடுவார்கள். அந்த முதலாவதைப் போடுகிறவர் கணவன் உயிரோடு இருக்கிற பெண்ணாக இருக்க வேண்டும். முதலாவது எப்படிப் பொரிந்து வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள்.

இதற்கென்றே யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியம்மா வந்தார். அம்மாவின் அக்கா. வந்த அன்றே வீட்டுத் திறப்புக் கொத்து அவர் கைக்குப் போய்விட்டது. பயத்தம் பணியாரம், சிப்பி, முறுக்கு என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். நான் அதில் அன்னாசிப் பற்றிஸையும் சேர்க்கச் சொன்னேன்.

"கல்யாணத் தட்டத்திலை பேக்கரிச் சாமான் வைக்கிறதோ? ஊர் சிரிக்கும்," என்றார் பெரியம்மா.

"என்ரை கல்யாணம் பெரியம்மா. எனக்கு விருப்பமான ஒண்டாவது இருக்கட்டும்," என்றேன்.

சண்டை போட்டுத்தான் வென்றேன். முதல் நாள் நானும் அம்மாவும் ஒன்பது அன்னாசி வெட்டினோம். சாறு பட்டுக் கை முழுக்கக் கடி, வீடு முழுக்க வாசம். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை இப்போது மறைத்து என்ன பயன். சமையலறையில் நின்று பாட்டுப் பாடினேன்.

சூடு நடந்த அன்று மாப்பிள்ளையின் தாய் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தார். மாமி என்று கூப்பிடத் தொடங்கி மாதக்கணக்காகியிருந்தது. பட்டுச்சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மடித்து வைத்த மா காய்ந்துவிடும் என்பதால் முதலில் பற்றிஸையே போடுவோம் என்று முடிவாயிற்று. எண்ணெய் காய்ந்தது. பெரியம்மா மாமியைக் கூப்பிட்டார். அப்போது அம்மா தன் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு, சமையலறைக்கு வெளியே போய் வாசலில் நின்றார். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

நான் அதைப் பார்த்தேன். பேசாமல் நின்றேன். அந்த அடுப்பும் எண்ணெய் காய்ந்த அந்தத் தாச்சியும் அம்மாவுடையவை, அன்னாசியைக் கிளறிக் கிளறித் தோள்பட்டை வலித்ததும் அம்மாவுக்கு. ஆனால் அன்று எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மாமி போட்ட முதலாவது பற்றிஸ் அழகாகப் பொங்கி, பொன்னிறமாக மேலே வந்தது. "நல்ல சகுனம்," என்றார் பெரியம்மா. அன்று மாலைக்குள் ஏழு பிஸ்கற் டின் நிறைந்தது. ஒரு டின்னில் மாமி வீட்டுப் பங்கு. அதன் மூடியில் நானே மஞ்சள் கடதாசி ஒட்டி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மகன் வரவில்லையாம். அவருக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாம். இன்றைக்குத்தான் தனக்கே சொன்னான் என்று சொல்லிச் சொல்லி மாமி அழுதார். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது.

அதன் பிறகு எங்கள் வீடு செத்த வீடாகிவிட்டது. அம்மா யன்னல் திரைகளை இழுத்து மூடினார். மின்தூக்கியில் யாரையாவது சந்திக்க வேண்டிவரும் என்று குப்பைகூடக் கீழே போகவில்லை. பெரியம்மா அடுத்த காரியத்துக்கு வந்தார். ஊர்க்கதை அடங்கும்வரை நான் அவரோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து இருக்க வேண்டும். அம்மாவும் தலையாட்டினார். கல்யாண நாளுக்கு அடுத்த காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. எனக்கு அதன் அர்த்தம் தெரியும். இரண்டு கிழமை என்று போய் ஆறு மாதம் ஆகும். வேலை போகும். பிறகு எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் பின் வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற ஒருத்தியாகத் திரும்பி வருவேன். நான் என்ன களவெடுத்தேன்?

பலகாரத்துக்கும் பெரியம்மா ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். "நிண்டுபோன கல்யாணத்துப் பலகாரத்தை வீட்டிலை தின்னக்கூடாது. மற்றவையின்ரை பிள்ளையளுக்கும் குடுக்கக்கூடாது. இருட்ட முதல் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ."

"கடலிலை போட்டால் மீனுக்கெல்லாம் சீனி வருத்தம் வரும் பெரியம்மா," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மேசையில் உட்கார்ந்து ஒரு டின்னைத் திறந்தேன். ஒன்றைக் கடித்தேன். மூன்று நாளில் அன்னாசியும் கறுவாவும் நன்றாக ஊறி, சுட்ட அன்று இருந்ததைவிட ருசியாக இருந்தது. கஜு பல்லில் பட்டது. இவ்வளவு நல்ல சாமானுக்கு என்ன தோஷம் இருக்கமுடியும் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நான்கு தின்றேன். விரலையும் சூப்பினேன். அம்மாவும் பெரியம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை தட்டம் எடுத்து, அதில் வெற்றிலையும் பற்றிஸும் வைத்து, மேல்மாடியில் இருந்து தொடங்கினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். கதவு திறந்தவர்களின் முகம் என்னைக் கண்டதும் ஒரு மாதிரிப் போவதைப் பார்த்தேன். கதை எனக்கு முன்னாலேயே படியேறியிருந்தது. ஆறாம் மாடியில் ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பிள்ளை, நாங்கள் கேள்விப்பட்டது..." என்று இழுத்தார்.

"ஓம் அங்கிள், கல்யாணம் நிண்டுட்டுது. பற்றிஸ் நல்லா வந்திருக்கு. எடுங்கோ," என்றேன்.

அவர் இரண்டு எடுத்தார். நாலாம் மாடியில் இருந்த சிங்களப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தேநீர் தந்தார். இரண்டு வீட்டில் கதவு திறக்கவே இல்லை, உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அவர்களுடைய பங்கை நான் படியில் இருந்து தின்றேன். எனக்கு அழுகை வந்தது என்பதும் உண்மைதான். வாய் நிறைய அன்னாசியோடு அழுவது அவ்வளவு வசதியில்லை, கெதியில் நின்றுவிட்டது.

மிஞ்சியது மஞ்சள் கடதாசி ஒட்டிய டின். கல்யாண நாளன்று காலை, தாலி கட்டியிருக்க வேண்டிய அந்த நேரத்துக்கு, நான் நீலச் சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு அந்த டின்னோடு புறப்பட்டேன். பெரியம்மா வாசலை மறித்தார்.

"விசரே உனக்கு? அவையின்ரை வீட்டுக்கே போறாய்?"

"அவையின்ரை பங்கு. குடுக்கவேணும்."

மாமியில் எனக்குக் கோபம் இருக்கவில்லை. மகன் அவரையும்தானே ஏமாற்றினான் என்று நினைத்தேன். அவரும் வீட்டுக்குள் திரையை மூடிக்கொண்டு இருப்பார், போய் நேரே பார்த்துச் சாப்பிட வைத்துவிட்டு வருவோம் என்று நினைத்தேன். அந்த வீட்டு முகத்தை அன்றைக்கே பார்த்துவிட்டால் பிறகு வேறு எந்த முகத்துக்கும் நான் தலை குனியத் தேவை இல்லை. அதுதான் என் கணக்கு.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீடு ஒரு கடைக்கு மேலே. யன்னலால் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். மாமா வெளியே போயிருந்தார். மாமி ஹவுஸ்கோட்டோடு கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீரோ பிள்ளை?"

"ஓம் மாமி. பலகாரம் கொண்டந்தனான். உங்கடை வீட்டுப் பங்கு."

அவர் அழத் தொடங்கினார். நான் டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன். "அழாதேங்கோ. முதல்லை சாப்பிடுங்கோ," என்றேன். அவர் ஒரு கடி கடித்தார். பிறகு இன்னொரு கடி. பசியோடு இருந்தார் என்று தெரிந்தது. எனக்கு இரக்கமாக இருந்தது.

"நல்ல ருசி. இனிப்பும் அளவு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்டைக்கு முதலாவதைப் போடேக்கை என்ரை கை நடுங்கினது. நீர் கண்டனீரோ தெரியாது," என்றார்.

"ஏன் மாமி நடுங்கினது?"

அவர் கையில் இருந்த பாதிப் பற்றிஸைப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். பாரத்தை இறக்கிவைக்க ஆள் கிடைத்ததென்று நினைத்தாரோ என்னவோ.

"அவன் டிக்கெட் எடுக்கேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை. மாட்டன் எண்டு ஒரு மாதத்துக்கு முன்னமே சொல்லிப்போட்டான். நாள் கிட்ட வர மனம் மாறுவான் எண்டு இருந்தனான். பலகாரமும் சுட்டாச்சு, இனி நீ வராமல் விடேலாது எண்டு சொன்னால் வருவான் எண்டு நினைச்சன்."

ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில்தான் நான் சட்டைக்கு அளவு கொடுத்தேன், அழைப்பிதழ் கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். மாட்டேன் என்று சொன்ன ஆளில் எனக்கு அந்த நிமிடம் கோபமே வரவில்லை. அவர் சொல்லித்தான் இருக்கிறார். சொன்னதை மடியில் கட்டிக்கொண்டு, பட்டுச்சேலையும் குங்குமமுமாக எங்கள் சமையலறைக்குள் வந்து நின்றவர் இவர். இவருக்கு இடம் விடத்தான் அம்மா தன் அடுப்பை விட்டு வாசலுக்குப் போனார்.

மாமி மிச்சப் பாதியைச் சாசரில் வைக்கப் பார்த்தார்.

"பாதியிலை வைக்காதேங்கோ மாமி. சாப்பிட்டு முடியுங்கோ," என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கடியாக, விழுங்க முடியாமல் விழுங்கி முடித்தார். நான் அதுவரை எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு டின்னை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"எங்கடை பங்கெண்டெல்லே சொன்னனீர்?"

"ஓம். சாப்பிட்டிட்டியள். உங்களுக்கு அந்த ஒண்டு போதும்."

தெருவில் இறங்கி ஓட்டோ ஒன்றை மறித்தேன். மாளிகாவத்தைக்காரர், தமிழ் கதைத்தார். டின்னைப் பார்த்து, "வீட்டுல விசேஷமா தங்கச்சி?" என்று கேட்டார். விசேஷந்தான் என்று சொல்லி டின்னை அவரிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தார். "மாஷா அல்லாஹ், யாரு செஞ்ச?" என்று கேட்டார். எங்கள் அம்மா செய்தது என்றேன். வெள்ளவத்தை மார்க்கெட்டடியில் இறங்கி இரண்டு அன்னாசி வாங்கினேன்.

வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு மாதம் என்றேன். கை நடுங்கியதைச் சொன்னேன். பெரியம்மா வாயில் கை வைத்தார். அம்மா என் கையில் இருந்த அன்னாசிப் பையை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு, "நான் வாசலிலை நிண்டனான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மாமியின் வீட்டில் வராத அழுகை அப்போது வந்தது.

சேலையைக்கூட மாற்றாமல் அன்னாசியை வெட்டினேன். அம்மா வந்து மாக் குழைத்தார். மத்தியானம் போனபின் எண்ணெய் காய்ந்தது. நான் ஒரு பற்றிஸை எடுத்து அம்மாவின் முன்னால் நீட்டினேன்.

"இந்தாங்கோ, போடுங்கோ."

"நானோ? அக்காவைப் போடச் சொல்லு. நான் முதல் போடக்கூடாது."

"போடக்கூடிய ஆள் போட்டு என்ன கண்டனாங்கள் அம்மா?"

அம்மா என் கையைப் பார்த்தார், தாச்சியைப் பார்த்தார். பிறகு அதை வாங்கி எண்ணெயில் போட்டார். அப்பா போன பிறகு பதினான்கு வருடமாக அந்த அடுப்பில் எத்தனையோ நல்லது கெட்டதுக்குச் சமைத்த கை, முதலாவதைப் போட்டது அன்றைக்குத்தான். நிதானமில்லாமல் விழுந்ததில் விளிம்பு பிரிந்தது. அன்னாசி எண்ணெயில் கசிந்து கறுத்தது.

"பாத்தியே, வெடிச்சிட்டுது," என்றார் பெரியம்மா.

"வெடிச்சால் என்ன அக்கா. தின்னலாம்தானே."

அம்மா அதைக் கண்கரண்டியால் அள்ளித் தட்டில் வைத்தார். ஆறும் முன்னமே பிய்த்து, கருகிய பக்கத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மற்றதை எனக்குத் தந்தார். இரண்டாவதையும் எண்ணெயில் விட்டபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அக்கா, நாளைக்கு நீங்கள் மட்டும் பஸ் ஏறுங்கோ. பிள்ளைக்கு வேலை இருக்கு."